ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக இருந்த தப்பு

புது ஹெல்மெட்டுக்கு ஒரு வாசனை உண்டு. ஸ்பாஞ்சும் பசையும் பிளாஸ்டிக் கவரும் கலந்து, செருப்புக் கடைக்குள் நுழைந்ததுபோல இருக்கும். அது இப்போது எங்கள் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் நிறம். காலையில் புத்தம் புதிதாக இருந்தது. இப்போது இடது பக்கம் நீளமாக ஒரு கீறல். அம்மா குழம்புப் பாத்திரத்தை வைக்க வந்தவள், அதை நகர்த்த மனமில்லாமல் பாத்திரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். யாருடையது என்று கேட்டாள். என்னுடையது என்றேன். யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். நீ போய்ச் சேர்ந்து மாதக்கணக்கு ஆகிறது. பாத்திரத்தோடு சமையலறைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. தினமும் ரயிலில் முகம் பார்க்கிறவனுக்கு எதற்குக் கடிதம்? இப்போதும் கேள்வி கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிற அளவுக்குக் குழம்பிப் போயிருக்கிறேன்.

நமக்கு அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதே எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. நல்ல வயதில் நாம் சைக்கிளில் கையை விட்டுக்கூட ஓட்டியதில்லை. நீ பெங்களூரில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நான் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு அனுப்புகிறவன். மாரிகுப்பத்தில் வண்டி கிளம்பும்போதே நீ ஏறி, உன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்தில் வைத்து எனக்கு இடம் பிடிப்பாய். ஊரிகத்தில் நான் ஏறியதும் பையை மடியில் எடுத்துக்கொண்டு, வந்துட்டியா என்றுகூடக் கேட்காமல், முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவாய். "நம்ம அப்பனுங்க மைனுக்குள்ள கேஜ் கூண்டுல கீழ போனாங்க, நான் லிஃப்ட்ல மேல போறேன், கயிறு மட்டும் அதே கயிறுதான்" என்பாய். வயிறு தள்ளத் தொடங்கிய இரண்டு பேர். முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று பேசிக்கொண்டிருக்க வேண்டியவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேட்டில் பெங்களூர்ப் பையன்கள் சிலர் குட்டிச் சைக்கிள்களோடு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தவன் நின்று பார்த்தாய். நானும் நின்றேன். அந்தப் பையன்களில் ஒருவன் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, பெடலே மிதிக்காமல், பின்சக்கரத்தின்மேல் மட்டுமே உருண்டு போனான். சும்மா போனான். எதையோ மறந்துவிட்டு நடந்து போகிறவன் போலப் போனான். நீ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய்.  

அடுத்த மாதமே நீ பெங்களூரிலிருந்து ஒரு பழைய குட்டிச் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தாய். பெட்டியில் எல்லாரும் பிள்ளைக்கா என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்று நீ ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னாய். நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரிகத்தில் அதை என்னோடு இறக்கிவிட்டாய். உன் வீட்டுக்குக் கொண்டுபோனால் ஸ்டெல்லா உன்னையும் சைக்கிளையும் சேர்த்து வெளியே நிறுத்துவாள் என்றாய். கட்டிய மனைவிக்கு அவ்வளவு பயந்தவன் தலைகீழாக விழப் பயப்படவில்லை, அதுதான் உன் கணக்கு.

நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் இடித்த கொட்டகையின் சிமெண்டுத் தளம் மட்டும் மிச்சமிருக்கிறதே, அதைத் துடைப்பத்தால் பெருக்கி நம்முடையதாக்கிக்கொண்டோம். ஓரத்தில் இருந்த மதகுக் கட்டைதான் உன் ஆசனம். முதலில் நீ ஓட்டுவாய், நான் பார்ப்பேன். அப்புறம் நான் ஓட்டுவேன், நீ பார்ப்பாய். அந்தப் பையன் செய்த வித்தைக்கு மேனுவல் என்று பெயர் என்று நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய். உருளும் சைக்கிளில் எழுந்து நின்று, இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேலே தள்ள வேண்டும். முன்சக்கரம் தானாக எழும். பின்னால் சாய்ந்துவிடும்போல இருந்தால் பின் பிரேக்கை ஒரு விரலால் தொட வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். தளத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முன்சக்கரம் தரையில் படாமல் போக வேண்டும், இதுதான் நமக்குள் பந்தயம். நீ மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஓரத்தைத் தொட்டுவிட்டாய். நான் தளத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

நீ பார்க்கிற விதம் எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று இப்போதும் சொல்வேன். நான் விழுந்து எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே என்ன தப்பு என்று கேட்டால், தப்பு நிறையக் கீது என்பாய். சொல்லேன் என்றால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வாய். மற்றதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்பாய். கெஞ்சினாலும் திட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாய். அதற்கு நீ சொன்ன காரணம் உன் வேலையிலிருந்து வந்தது.

"லிஃப்ட் ரிப்பேர்ல ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். மாத்திட்டு ஓட்டிப் பாக்கணும். ரெண்ட ஒண்ணா மாத்தினா, எது சரியாச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

அப்படித்தான் ஒவ்வொரு வாரமும் ஒரு தப்பு. முதல் தப்பு, கையால் இழுப்பது. ஹேண்டில்பாரை நெஞ்சோடு இழுத்தால் சக்கரம் எழும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கை நீளமாகவே இருக்கட்டும், இடுப்பு போகட்டும் என்றாய். அடுத்தது, விழப் போகிறேன் என்று பயந்து முன்கூட்டியே குதித்து விடுவது. அதற்காகப் பின்பக்கமாக இறங்கி நிற்பதை மட்டும் ஒரு ஞாயிறு முழுக்கப் பழக்கினாய். சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு காலில் நிற்கக் கற்றுக்கொண்ட பிறகு பயம் குறைந்தது. அப்புறம் பிரேக். பின் பிரேக்கில் விரல் வைக்காமல் எல்லா விரலாலும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன், தீபாவளிக் கூட்டத்தில் ரயில் படிக்கட்டில் தொங்குகிறவன் மாதிரி. ஒரு விரலைக் கழற்றுவதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. நீ மதகில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாய். பொறுமை என்றால் உன் பொறுமைதான், அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஆயுத பூஜைக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தது ஞாபகம் வருகிறது. அம்மா சைக்கிளைக் கழுவி, ஹேண்டில்பாரில் வாழைக்கன்று கட்டி, கைப்பிடியெல்லாம் சந்தனம் அப்பி, பொட்டு வைத்திருந்தாள். சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். நீ அவள் கையிலிருந்து வாங்கி, முன்சக்கரத்தை விட்டுவிட்டுப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தாய். "முன்சக்கரத்துக்கு எதுக்கும்மா? அது தரையிலயே இருக்கப் போறதில்லையே" என்றாய். அம்மா சிரித்த சிரிப்பில் கற்பூரத் தட்டே ஆடியது. அப்புறம் நான் ஏறி, அந்தச் சந்தனக் கையோடு இடுப்பைப் பின்னால் தள்ளி, கைப்பிடி வழுக்கி, வாழைக்கன்றோடு சாக்கடை ஓரம் போய் விழுந்தேன். சந்தனத்தைத் துடைக்காமல் ஏறிய தப்பை அன்றைக்கு நீ கணக்கில் சேர்க்கவில்லை. அது சாமி தப்பு, உன் தப்பு இல்லை என்றாய். மாதா கோயிலுக்குப் போகிறவன் எங்கள் சாமிமேல் பழியைப் போட்டாய்.

அந்தப் பூஜையில் இன்னொன்றுக்கும் பொட்டு வைத்தார்கள். அப்பாவின் ஹெல்மெட். நந்திதுர்க் சுரங்கத்தில் அவர் வேலை பார்த்த காலமெல்லாம் தலையில் இருந்தது. மைன் மூடினதும் ஆணியில் தொங்கியது. அப்பா போன பிறகும் ஆணியில்தான் தொங்கியது. முன்னால் விளிம்பு நீட்டிக்கொண்டு, விளக்கு மாட்டும் இரும்புக் கொக்கியோடு, மஞ்சள் வெளுத்துப் போய். நான் சைக்கிளில் வித்தை பழகப் போகிறேன் என்றதும் அம்மா அதைத்தான் எடுத்துக் கொடுத்தாள். அவர் தலைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டது, உன்னையும் பார்த்துக்கும் என்றாள். உள்ளே இருந்த பட்டை இற்றுப்போயிருந்ததால் ஒரு துண்டை மடித்து வைத்து மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் மாட்டினேன். என் பெரிய மண்டையைப் பற்றி, என் தொப்பையைப் பற்றி, என் செருப்பைப் பற்றியெல்லாம் கிண்டல் செய்த நீ, அந்த ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அப்போது இது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வெயில் காலம். மாலை ரயிலில் கூட்டம். நீ எதிரே உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய். முந்தின ஞாயிறு நான் ஓட்டியதை நீ எடுத்த வீடியோ. நிறுத்தி நிறுத்திப் பார்த்தாய். கோரமண்டல் தாண்டியதும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாய்.

"உன் தப்பு இன்னான்னு கண்டுபுடிச்சிட்டேன்டா. இவ்ளோ நாளா கையில தேடிகினு இருந்தேன். அது வேற எடத்துல கீது."

இப்போதே சொல் என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்றாய். ஊரிகம் வந்துவிட்டது. நான் இறங்கி நடைமேடையில் நின்றேன். வண்டி நகரும்போது நீ ஜன்னலில் தலையை வைத்து, "சொன்னா கோவப்படக் கூடாது, இன்னா?" என்றாய். உன்மேல் எனக்கு என்றைக்குக் கோபம் வராமல் இருந்தது என்று கத்தினேன். நீ சிரித்தாய். வண்டி மாரிகுப்பம் பக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை விடிகிற நேரம் உனக்கு நெஞ்சு வலித்ததாம். வாயு என்று நினைத்து ஓமம் மென்றாயாம். ஸ்டெல்லா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குத் தகவல் வந்தபோது சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பம்ப்பைக் கீழே வைக்கவே தோன்றவில்லை. டயர் கல் மாதிரி ஆகும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை அடக்கம் செய்தார்கள். எல்லாரும் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கல்லறை ஓரத்தில் நின்று, இன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஆனால் அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அழுகைகூட அப்புறம்தான் வந்தது, ரயிலில், என் பக்கத்து இடத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்த பிறகு.

சைக்கிள் வித்தையில் ஒரு தப்பு. அது தெரியாமல் போனால் உலகம் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. இது எனக்கும் தெரியும். ஆனால் நீ என்னைப் பற்றி எதையோ தெரிந்துகொண்டு, அதைச் சொல்லாமல் போய்விட்டாய். நான் கோபப்படுவேன் என்று நினைக்கிற அளவுக்கு என்ன அது? நான் பயந்தாங்கொள்ளி என்பதா? இந்த வயதில் இது உனக்கு வராது, விட்டுவிடு என்பதா? உனக்குச் சமமாக நான் ஓட்டவே போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாயா? ராத்திரி பகல் இதே யோசனை. வேலையில் பெட்டிகள் ஊர் மாறிப் போய்ச் சேர்ந்தன.

வெறி பிடித்ததுபோல ஞாயிறுதோறும் தனியாகப் போய் ஓட்டினேன். போனில் தேடினேன். மேனுவலில் எல்லாரும் செய்யும் தப்புகள் என்று ஆளாளுக்கு ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, ஆமாம், இதுதான் என் தப்பு என்று தோன்றியது. அடுத்ததைப் பார்த்தால் அதுவும் என் தப்பாகவே இருந்தது. இருக்கையின் உயரம், பெடலில் பாதம் வைக்கும் இடம், முழங்காலை மடக்கும் நேரம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். முன்பு கொஞ்சமாவது எழுந்துகொண்டிருந்த சக்கரம் பிறகு எழவே மறுத்தது. நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பையனைப் பிடித்துக் காட்டினேன். "நீங்க ஹிப்ஸ் யூஸ் பண்றதே இல்ல அங்கிள், அஷ்டே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதானாம். இடுப்பைத்தான் நீ முதல் வாரமே சொன்னாயே, அதற்கு நான் ஏன் கோபப்பட வேண்டும்?

வீடியோ இருந்த உன் போனை ஸ்டெல்லாவிடம் கேட்கலாம் என்று பல நாள் நினைத்தேன். அவள் வீட்டு வாசல் வரை போய், உடம்பு எப்படி இருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். கணவனை இழந்தவளிடம் போய், என் சைக்கிள் ஆட்டத்தைக் காட்டு என்று எப்படிக் கேட்பது?

கடைசியில் அவளே வந்தாள். நேற்று. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எடுக்கப் பரணில் ஏறினாளாம். நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பை, பெங்களூர்க் கடைப் பெயர் போட்டு. உள்ளே இந்த ஹெல்மெட். நீ உனக்காக வாங்கியது என்று நினைத்து, அவள் தம்பிக்குக் கொடுக்கலாமென்று மாட்டிப் பார்த்தாளாம். அவன் காது வரை இறங்கிவிட்டதாம். உன் தலையும் சின்னத் தலைதான் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். அம்மா வெளியே போயிருந்த நேரம், எங்கள் வீட்டு வாசலில் நின்று பையை நீட்டினாள்.

"இவ்ளோ பெரிய தல நமக்குத் தெரிஞ்சவங்கள்ல உங்க ஒருத்தருக்குத்தாண்ணா" என்றாள். சிரிக்கத் தொடங்கினாள், பாதியிலேயே அழுதுவிட்டாள்.

மாட்டினேன். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. அதுவும் மஞ்சள். உனக்கு மஞ்சள் நிறமே ஆகாது, ஆட்டோ நிறம் என்பாய். கடையில் நின்று அப்பாவின் ஹெல்மெட் நிறத்தைத் தேடியிருக்கிறாய். சுவரில் ஆணியைப் பார்த்தேன். பழையதை எடுத்து மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் சைக்கிளில் நிற்பதுபோல நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளினேன். ஹெல்மெட் முன்னால் சரிந்தது. விளிம்பு கண்ணை மறைத்தது. அது விழாமல் இருக்க என் தாடை தானாகக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. பார்வை நேராகக் கீழே, முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. இத்தனை நாளும் தலையைக் குனிந்துகொண்டேதான் ஓட்டியிருக்கிறேன். பார்வை குனிந்தால் உடம்பும் குனியும், உடம்பு குனிந்தால் சக்கரம் எங்கே எழும்? என் கையில் தேடிய தப்பு தலையில் இருந்தது. என் அப்பாவின் ஹெல்மெட்டைக் கழற்று என்று என்னிடம் சொல்ல நீ ஒரு வாரம் தயங்கியிருக்கிறாய். சொல்வதற்கு முன் கையில் வேறொன்றை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்.

இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். சரியா? நீதான் சொல்ல வேண்டும். வேறு எதையாவது நினைத்திருந்தாயோ? ஹெல்மெட் பிறந்தநாளுக்கென்று வாங்கியதாகவும், தப்பு வேறாகவும் இருக்கலாம் அல்லவா? தெரியவில்லை. சுரங்கத்துக்குள் கல் மேலிருந்து விழும், அதற்காகச் செய்த தொப்பி அது. நாம் நாமாகவே போய் விழுகிறவர்கள். இதை நீ சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேனா என்றும் யோசித்தேன். பட்டிருப்பேன். அப்பா ஹெல்மெட்டைத் தொடாதே என்று கத்தியிருப்பேன். அடுத்த ஞாயிறு கழற்றியிருப்பேன்.

ஸ்டெல்லா போகாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் கூடத்தில் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமையானா அவரு இன்னாதாண்ணா பண்ணிகினு இருந்தாரு? நான் ஒரு நாளும் வந்து பாக்கல. காட்றீங்களா?"

இன்று காலை பூசை முடிந்து வந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், அம்மாவிடம் சொல்லாமல் புது ஹெல்மெட்டோடு. தளத்தைப் பெருக்கினேன். ஸ்டெல்லா எங்கே உட்காருவது என்று தெரியாமல் பார்த்தாள். மதகுக் கட்டையைக் காட்டினேன். அதன் ஒரு ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல உட்கார்ந்தாள்.

முதல் முறை சக்கரம் எழுந்து உடனே இறங்கியது. இரண்டாவது முறையும் அப்படியே. அதற்கப்புறம் ஒரு முறை, தாடை நிமிர்ந்து, எதிரே சயனைட் மேடு வெள்ளையாகத் தெரிந்தது. கை நீண்டது, இடுப்பு போனது, முன்சக்கரம் எழுந்தது, எழுந்தபடியே இருந்தது. பிரேக்கில் விரல் தொட்டும் தொடாமலும் இருந்தது. தளத்தின் பாதி போனது. பாதிக்கு மேலேயும் போனது. எனக்குள் இருந்த சத்தமெல்லாம் நின்றுவிட்டது. அந்தப் பையன் எதையோ மறந்தவன்போலப் போனானே, அது என்னவென்று தெரிந்தது. அந்தத் தளத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தியாடா என்று கேட்க வாய் திறந்து, மதகுப் பக்கம் தலை திரும்பியது. சைக்கிளும் அந்தப் பக்கமே திரும்பியது. இடது தோளில் விழுந்து, ஹெல்மெட் சிமெண்டில் தேய்ந்து, ஓரம் வரை சறுக்கினேன்.

ஸ்டெல்லா ஓடி வந்தாள். அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பழக்கதோஷத்தில், என்ன தப்பு என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும், சைக்கிளே ஓட்டத் தெரியாதவள். ஆனால் யோசித்தாள். மதகைத் திரும்பிப் பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்தது ஓரத்தில். நான் பார்த்தது நடுவில்.

"நல்லாத்தான் போனீங்கண்ணா. அவரு உக்கார்ற எடத்தப் பாத்தீங்க, விழுந்துட்டீங்க" என்றாள்.

 திரும்பி வரும்போது அவள் சைக்கிளின் இருக்கையில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். உன் சட்டமும் கெட்டுப் போயிற்று, தெரியுமா? புது ஹெல்மெட், மதகில் புது ஆள், நீ இல்லாத தளம். எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிட்டது. சக்கரம் எதனால் எழுந்தது என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியப் போவதில்லை.

அப்பாவின் ஹெல்மெட்டை மறுபடி ஆணியில் மாட்டியாகிவிட்டது. அம்மா இப்போதுதான் வந்து, புதிய ஹெல்மெட்டின் கீறலை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. பக்கத்திலேயே குழம்பை வைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னாள்.

ஸ்டெல்லா சொன்னதுதான் என் தப்பு, அதில் எனக்குக் குழப்பமில்லை. கண் முன்பக்கம் பார்க்க வேண்டும், நீ உட்காரும் இடத்தை அல்ல. திருத்திக்கொண்டால் அந்த ஓரம் வரை போய்விடுவேன். ஆனால் வாரத்துக்கு ஒரு தப்புதான் என்றாயே. வேறு தப்புகள் என்னிடம் நிறைய இருக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகிறேன். இதை மட்டும் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறேன்.